வேடிக்கை பார்ப்பவன்

2017 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வர்ஜீனியாவின் மெக்லீனில் இருந்த கிளாட் மூர் காலனியப் பண்ணைக்குப் போனேன். சிஐஏ தலைமையகத்துக்குப் பக்கத்து இடம். வேலிக்கு அந்தப் பக்கம் உளவாளிகள், இந்தப் பக்கம் 1771. ஒரே அறை கொண்ட மரவீடு, சோளம், பன்றிகள், புகையிலை. அந்த வருடத்தில் ஓர் ஏழைக் குத்தகைக் குடும்பம் எப்படி வாழ்ந்திருக்குமோ அப்படி அங்கே வாழ்ந்து காட்டினார்கள். பேச்சும் 1771-இன் பேச்சுதான். மூன்றாம் ஜார்ஜ் மன்னரைப் பற்றிக் கேட்டால் பதில் வரும், போன் சார்ஜரைப் பற்றிக் கேட்டால் முழிப்பார்கள்.

துணித்தொப்பி போட்ட பெண்மணி ஒருவர் மகளைப் புகையிலை வயலுக்கு அழைத்துப் போனார். இலைக்கு அடியில் விரல் தடிமனில் பச்சைப் புழு, வால் பக்கம் ஒரு கொம்பு. அதைப் பிடுங்கிக் கீழே போட்டு மிதிக்க வேண்டும். பூச்சிமருந்து இல்லாத காலத்தில் புகையிலையை இப்படித்தான் காப்பாற்றினார்கள். கோடை முழுக்க, இலை இலையாக, குழந்தைகளும் சேர்ந்து செய்த வேலை. குத்தகையையே புகையிலையாக அளந்த காலம். புழு தின்ற இலை, கொடுக்க வேண்டிய வாடகையில் விழுந்த ஓட்டை.

மகள் முதலில் வீல் என்று கத்தினாள். பத்து நிமிடத்தில் பதினொரு புழு. கையெல்லாம் புகையிலைப் பிசின். நானும் குனிந்து தேடினேன். கால் மணி நேரத்தில் இடுப்பு விட்டுப்போய்விட்டது.

திரும்பும்போது பின்சீட்டிலிருந்து கேட்டாள்: "அப்பா, அப்போ நாம இருந்திருந்தா அந்த வீட்லதான் இருந்திருப்போமா?"

"தெரியலயேம்மா" என்றேன். அன்று ராத்திரி தேட ஆரம்பித்தேன்.

பண்ணை காட்டியது பொய்யல்ல. அடிமைகளை வாங்க வசதியில்லாத வெள்ளைக் குத்தகைதாரர்கள் நிறையவே இருந்தார்கள். ஆனால் அன்றைய வர்ஜீனியாவில் ஐந்தில் இரண்டு பேர் அடிமைகள். நாங்கள் பார்த்த அந்த ஒரு ஏக்கர் உண்மைக்கு வெளியேதான் இந்தக் கணக்கு இருந்தது.

எங்களுக்கும் அங்கே ஓர் இடம் இருந்திருக்கிறது. 1630களின் வர்ஜீனிய நிலப் பதிவேட்டில் டோனி என்று ஒரு கிழக்கிந்தியன் வருகிறான். கடல் கடந்து ஓர் ஆளைக் கொண்டுவந்தால் தலைக்கு ஐம்பது ஏக்கர் நிலம் கிடைக்கும். அந்தக் கணக்கில் ஒரு தலையாகத்தான் அவன் பெயர் பதிவாகியிருக்கிறது. இன்னொருவன் 1776 ஜூலையில், சுதந்திரப் பிரகடனம் வெளிவந்த சில நாட்களில், வர்ஜீனியா கெசட்டின் விளம்பரம் ஒன்றில் வருகிறான். பெயர் ஜான் நியூட்டன், வயது இருபது இருக்கும், பிறப்பால் ஆசிய இந்தியன், நீளமான கருப்பு முடி, முடிதிருத்தும் வேலை தெரிந்தவன். எஜமானனிடமிருந்து ஓடிவிட்டான், பிடித்துக் கொடுத்தால் சன்மானம். அவன் அம்மா அப்பா வைத்த பெயர் என்ன என்று அந்த விளம்பரம் சொல்லவில்லை.

ஆக, மகளின் கேள்விக்குப் பதில் இருந்தது. அந்த வீட்டில் இருந்திருக்க மாட்டோம். ஒரு வரியாக இருந்திருப்போம்.

இப்படிப் பண்ணைக்குப் போய் ஒரு காலத்தை 'அனுபவிப்பது' என்றால் என்ன என்று அதன் பிறகு அடிக்கடி யோசித்திருக்கிறேன். உடம்புக்குச் சில விஷயங்கள் நிஜமாகவே தெரிய வருகின்றன. பிசின் தெரிகிறது, இடுப்பு வலி தெரிகிறது. ஆனால் என் பாக்கெட்டில் கார் சாவி இருந்தது. எங்கள் வேலையில் டெஸ்ட் சர்வர் என்று ஒன்று உண்டு. நிஜ சர்வரில் ஓடும் அதே கோட், அதே கமாண்ட். ஆனால் எதை அழித்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை என்று தெரிந்திருப்பதால் விரலுக்கு நடுக்கமே வராது. அந்த நடுக்கம்தான் நிஜ சர்வர். போக முடியாது என்பதுதான் அடிமை வாழ்வின் சாரம். போகலாம் என்று தெரிந்தவனால் அதை ஒரு மணி நேரத்துக்குக்கூட நடிக்க முடியாது.

அப்படியானால் நடிக்கவே கூடாதா? 1994 அக்டோபரில் கலோனியல் வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் ஓர் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டினார்கள். அங்கே ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுப் பிரிவுக்குத் தலைவராக இருந்த கிறிஸ்டி கோல்மன், தானே ஏலம் போகும் கர்ப்பிணிப் பெண்ணாக நின்றார். கறுப்பின உரிமை அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன, முன்னோரின் வலியைக் காட்சிப்பொருள் ஆக்குவதா என்று. எதிர்க்க வந்தவர்களில் ஜாக் கிரேவ்லி, பார்த்து முடித்த பிறகு தன் மனதை மாற்றிக்கொண்டதாகச் சொன்னார்.

எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் கோல்மன் பக்கம்தான். அவர் கூட்டத்தைப் பார்த்து 'நீ அடிமையாக இருந்து பார்' என்று சொல்லவில்லை. ஏலத்தை வேடிக்கை பார்க்கும் கூட்டமாக நிற்க வைத்தார், அவ்வளவுதான். அந்தப் பாத்திரத்துக்கு ஒப்பனை தேவையில்லை, வசனம் தேவையில்லை. 1771-க்குள் நுழைகிற சுற்றுலாப் பயணி பொய்யில்லாமல் ஏற்கக்கூடிய ஒரே வேடம் அதுதான் என்று தோன்றுகிறது.

பிடிக்காத வேடம் என்பதால் சீக்கிரம் கழற்றிவிடுவோம். மவுண்ட் வெர்னனில், வாஷிங்டன் வீட்டு அடிமைப் பணிப்பெண்ணாக நடித்த ஏசி டங்கி, பார்வையாளர்கள் கேட்ட கேள்விகளை வைத்து 2013-இல் ஓர் இணையத் தொடர் எடுத்தார். அதில் ஒருவர் கேட்கிறார், இந்த வேலை உனக்கு எப்படிக் கிடைத்தது, பேப்பரில் விளம்பரம் பார்த்தாயா என்று. முதல் தடவை சிரித்தேன். ஜான் நியூட்டனின் விளம்பரம் ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

இதையெல்லாம் அமெரிக்கர்களின் பிரச்சினையாக வைத்துக்கொண்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் அந்த இடுப்பு வலி எனக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் தஞ்சாவூர்ப் பக்கம் தாத்தா வீட்டுக்குப் போவேன். தை மாத அறுவடை. எனக்கும் ஒரு கருக்கரிவாள் கொடுக்கச் சொல்லி அழுது, வாங்கி, நாலு பிடி கதிர் அறுத்தேன். எங்கள் வீட்டில் தலைமுறையாக வேலை செய்த பெரியவர் பக்கத்திலேயே நின்று, "போதும் சின்னய்யா, கையக் கிய்ய அறுத்துக்காதீங்க" என்றார். அவருக்கு அறுபது இருக்கும். எனக்கு ஒன்பது. அவர் என்னை 'ங்க' போட்டார், நான் அவரை 'நீ' என்றேன். என் வயதுப் பேரன் ஒருவன் வரப்போரம் கட்டு தூக்கிக்கொண்டிருந்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து "இன்னைக்கு நான் அறுவடை பண்ணேன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பாட்டி திருஷ்டி கழித்தாள்.

அன்று நான் நடித்தது அறுவடையை. நிஜமாக இருந்தது வேறொன்றாக. அந்த வரப்போரத்துப் பையன் நடிக்கவில்லை.

மெக்லீன் பண்ணையை 2018 டிசம்பரில் மூடிவிட்டார்கள். மகள் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். டோனியையும் நியூட்டனையும் பற்றி அவளிடம் சொன்னேன். தாத்தா வயலைப் பற்றிச் சொல்ல இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று. கதை கேட்டதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தத் தாத்தா பேர் என்னப்பா?"

அம்மாவுக்குப் போன் போட்டேன். வீட்டில் கூப்பிட்ட பெயரைச் சொன்னாள். அது பட்டப்பெயர். நிஜப் பெயர்?

"தெரியலடா. தாத்தாவுக்குத் தெரிஞ்சிருக்கும். இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"சும்மாதாம்மா" என்றேன்.