கந்தூரிக் கடைத்தெருவும் நமது கணக்கும்

ஜமாதுல் ஆகிர் தலைப்பிறை தென்பட்டுவிட்டால் நாகூருக்குச் செல்லும் வழிகளெல்லாம் நிறைந்துவிடுகின்றன. நாகப்பட்டினத்திலிருந்து ஊர்வலமாக வரும் கொடிகள் மினாராக்களில் ஏறுகின்றன. பதினான்கு நாட்கள் நடைபெறும் கந்தூரியில் பத்தாம் இரவு சந்தனக்கூடு. அங்குள்ள ஐந்து மினாராக்களில் மிக உயரமான 131 அடிப் பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங். அதன் நிழலில் எல்லாச் சமயத்து மக்களும் கூடி நிற்பதை இன்றும் காணலாம்.

நாம் இங்கே எடுத்துக்கொண்டிருப்பது தர்காவின் உள்ளே நடப்பவற்றை அல்ல. ஜியாரத்தின் ஒழுங்கு என்ன, கந்தூரியின் சட்டம் என்ன என்பவற்றில் உலமாப் பெருமக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனை அவர்களே பேசட்டும். நாம் பேச விரும்புவது வாசலுக்கு வெளியே நீண்டு கிடக்கும் கடைத்தெருவைப் பற்றி. தட்டுத் தட்டாக அல்வா, தம்ரூட். எண்ணெய்ச் சட்டியில் பொரியும் இறால் வாடா. பஞ்சு மிட்டாய், வளையல், பலூன். அப்பால் ராட்டினம், மரணக் கிணறு. நாகூரில் மட்டுமன்று, கந்தூரியோ பொருட்காட்சியோ நடக்கும் ஊர்களிலெல்லாம் இத்தெரு உண்டு. முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளின் கால்கள் அதை நோக்கித்தான் இழுக்கின்றன.

இத்தெருவைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு குரல்கள் ஒலிக்கின்றன. "அங்கே என்ன கொட்டிக் கிடக்கிறது? கைக்காசுக்கும் கேடு, ஈமானுக்கும் கேடு" என்பது ஒரு குரல். "வருஷத்தில் ஒரு நாள், அன்றைக்குமா கணக்குப் பார்ப்பது?" என்பது மற்றொரு குரல். முதற்குரல் இன்பத்தையே குற்றமாக்குகிறது. இரண்டாம் குரல் இன்பத்துக்குக் கணக்கே இல்லை என்கிறது. இவ்விரண்டில் எது மார்க்கத்தின் குரல்?

இன்பம் குற்றமா?

இன்பத்தின் மீது இஸ்லாம் பகை கொண்டதில்லை. உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற கருத்தைச் சொல்லும் திருமறை வசனத்தை (7:31) அடுத்து வரும் வசனமே, அல்லாஹ் தன் அடியார்களுக்கு வெளிப்படுத்திய அழகையும் தூய உணவுகளையும் தடை செய்பவர் யார் என்று கேட்கிறது (7:32). அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இனிப்பையும் தேனையும் விரும்புவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். தஷ்ரீக்குடைய நாட்களை உண்ணவும் பருகவும் அல்லாஹ்வை நினைவுகூரவும் உரிய நாட்கள் என்று பெருமானார் (ஸல்) வர்ணித்தார்கள். உணவும் திக்ரும் அங்கே ஒரே வரிசையில் நிற்பதைக் கவனியுங்கள்.

உணவு போகட்டும், வேடிக்கை? பெருநாள் ஒன்றில் அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியிலேயே ஈட்டியும் கேடயமும் ஏந்தி விளையாடிக் காட்டினர். பெருமானார் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷாவைத் தமக்குப் பின்னே நிறுத்தி, அவர்கள் தாமே போதுமென்று சலிக்கும் வரை பார்க்கச் செய்தார்கள். பிற்காலத்தில் இதனை எடுத்துரைத்த அன்னையார், விளையாட்டில் நாட்டமுள்ள இளம் பெண்ணின் மனநிலையை எண்ணிப் பாருங்கள் என்ற கருத்தையும் சேர்த்துச் சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற நிகழ்ச்சி இது. வீட்டிலுள்ள இளையோரின் ஆசையைப் பொருட்படுத்துவதும் நபிவழியில் அடங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஹன்ளலா (ரலி) என்ற தோழர் ஒருநாள் தம்மை நயவஞ்சகன் என்றே கருதி நடுங்கினார். நபியவர்களின் சபையில் இருக்கும்போது சுவனமும் நரகமும் கண்ணெதிரே நிற்கின்றன; வீடு திரும்பி மனைவி மக்களோடு கலந்ததும் அவை மறந்துபோகின்றன என்பது அவரது கவலை. பெருமானார் (ஸல்) அவரைக் கடியவில்லை. அதற்கொரு நேரம், இதற்கொரு நேரம் என்று ஆறுதலே கூறினார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் இதனை மேலும் விளக்குகிறார்கள்: களைத்த இதயத்துக்கு விளையாட்டு ஒரு மருந்து, மருந்தை அளவுக்கு மேல் உட்கொள்ளலாகாதது போலவே அதையும் அளவோடு கொள்ள வேண்டும். ஓதி முடித்து வந்த பிள்ளையை விளையாட விடாமல் தடுத்தால் அதன் உள்ளம் மரத்துப்போகும் என்றும் அவர்கள் எச்சரிக்கிறார்கள்.

சந்தைக்குள் மார்க்கம்

உக்காள், மஜன்னா, துல்மஜாஸ் என்பவை அறியாமைக் காலத்து அரபிகளின் பெருஞ்சந்தைகள். வாணிபமும் கவிதைப் போட்டியும் குலப் பெருமையும் அங்கே ஒன்றாய்க் குவிந்தன. இஸ்லாம் வந்தபின் ஹஜ்ஜுடைய காலத்தில் அச்சந்தைகளில் வாணிபம் செய்வது பாவமாகுமோ என்று முஸ்லிம்கள் தயங்கினார்கள். அப்போதுதான், இறைவனின் அருளைத் தேடுவதில் குற்றமில்லை என்னும் வசனம் (2:198) இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். இடம் பழைய இடம்தான், வழக்கங்களும் பழையவைதான். ஆயினும் சந்தை முழுவதையும் மார்க்கம் விலக்கவில்லை. அதற்குள் தூயதை எடு, தீயதை விடு என்று கற்றுக் கொடுத்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு ஜும்ஆவின்போது மதீனாவுக்குள் வாணிபக் கூட்டம் வந்து சேர்ந்தது. ஓசை கேட்டதும் மக்கள் எழுந்து ஓட, பெருமானாரோடு எஞ்சியவர்கள் பன்னிரண்டு பேர்தாம். அவர்கள் உங்களை நின்ற நிலையிலேயே விட்டுவிட்டு ஓடினார்கள் என்று திருமறை இதனைக் கண்டித்தது (62:11). அவர்கள் ஓடியது மதுக்கடைக்கன்று, சூதாட்டத்துக்குமன்று. உணவுப் பொருள்களை நோக்கித்தான் ஓடினார்கள். ஆகுமான பொருளே ஆகாத வேளையில் குற்றமாகிவிட்டது. ராட்டினத்துக்கு வரிசையில் நின்று மக்ரிபைத் தவறவிடும் தகப்பனார்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

எந்தக் காசு எதற்கு?

கடைத்தெருவில் எல்லாக் காசும் ஒரே காசன்று. ராட்டினத்துக்குக் கொடுப்பது கூலி. ஏறினோம், சுற்றினோம், இறங்கினோம், கொடுத்ததற்குரியது கிடைத்துவிட்டது. ஆனால் காசு கட்டி வளையம் எறிந்து, விழுந்தால் கடிகாரம், விழாவிட்டால் வெறுங்கை என்பது எந்த வகை? எண் சுற்றும் சக்கரத்தில் காசு வைப்பது எந்த வகை? கொடுத்த காசு போகுமா, பெருகுமா என்ற ஊசலில்தான் அவற்றின் சுவையே இருக்கிறது. அதற்கு மைஸிர், சூதாட்டம் என்று பெயர். "சின்னப் பிள்ளை விளையாட்டுத்தானே" என்கிறோம். சூதின் முதல் பாடத்தை வாப்பாவின் கையாலேயே காசு வாங்கிக் கற்ற பிள்ளை, பெரியவனாகி அதை மறந்துவிடும் என்பதற்கு என்ன உறுதி?

மரணக் கிணறு இன்னும் கடினமான கேள்வி. ஒருவன் உயிரைப் பணயம் வைத்து மோட்டார் சைக்கிளில் சுவரேறுகிறான். நாம் மேலே நின்று கைதட்டுகிறோம். ஷாஃபி மத்ஹபின் பிற்காலச் சட்ட நூல்களில் இதற்கொத்த ஒரு விதி உண்டு: ஆபத்தான வித்தை ஒன்றை அதில் தேர்ச்சி பெற்றவன், தப்பிப்பதே மிகுதி என்ற நிலையில் செய்தால் அது ஆகும், அதை வேடிக்கை பார்ப்பதும் ஆகும். ஆகவே கேள்வி நம் உள்ளத்தை நோக்கித் திரும்புகிறது. நாம் காண வந்தது அவன் திறமையையா, அவன் விழக்கூடும் என்பதையா? அவன் கையை விட்டு ஓட்டும்போதுதான் ரூபாய் நோட்டை நீட்டுவேன் என்றால், நாம் விலை கொடுப்பது திறமைக்கன்று, ஆபத்துக்கு. உடற்குறை உள்ளவர்களை மேடையேற்றிச் சிரிக்க வைக்கும் காட்சிகளைப் பற்றி இவ்வளவு ஆராயவும் தேவையில்லை. படைப்பைப் பார்த்து நகைப்பவன் யாரை நகைக்கிறான்?

உண்ணும் வாயும் பார்க்கும் கண்ணும்

இனி உணவுக்கு வருவோம். ஒருநாள் பசி தாங்காமல் பெருமானார் (ஸல்) அவர்களும், அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவரும் வீட்டை விட்டு வெளியே வந்தார்கள். அன்ஸாரித் தோழர் ஒருவர் பேரீச்சம்பழமும் இறைச்சியும் குளிர்ந்த நீரும் கொடுத்து உபசரித்தார். வயிறார உண்ட பின், இந்த அருட்கொடையைப் பற்றி மறுமையில் நீங்கள் கேட்கப்படுவீர்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) கூறினார்கள். கேட்கப்படும் என்பதற்காக அவர்கள் உண்ணாதிருக்கவில்லை. உண்டோம் என்பதற்காகக் கேள்வியை மறக்கவுமில்லை. நாம் மேலே கண்ட இரண்டு குரல்களுக்கும் விடை இங்கே இருக்கிறது. கடைத்தெருவுக்குப் போகலாம், கணக்கையும் கையோடு கொண்டு போகவேண்டும்.

அந்தக் கணக்கில் என்னென்ன வரும்? முதலாவது, நாம் உண்ணும்போது பார்த்து நின்ற கண்கள். கடைவாசலில் பொட்டலத்தைப் பிரித்ததும் ஓரமாக ஒரு பிள்ளை வந்து நிற்கும். கை நீட்டாது, பார்க்கும். அந்தப் பார்வையை முதுகால் மறைத்துக்கொண்டு உண்ணும் அல்வா இனிக்குமா? குழம்பு வைத்தால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுங்கள் என்று அபூதர் (ரலி) அவர்களுக்கு உபதேசித்த மார்க்கம் நம்முடையது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அண்டை வீட்டாரின் உரிமைகளை எழுதுமிடத்தில் ஓர் அறிவிப்பை எடுத்துக்காட்டுகிறார்கள்: பழம் வாங்கினால் அண்டை வீட்டுக்கும் கொடு, முடியாவிட்டால் மறைத்துக் கொண்டு வா, உன் பிள்ளை அதை வெளியே எடுத்துச் சென்று அவர் பிள்ளையை ஏங்கவைக்க வேண்டாம். இதன் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்பர் ஹதீஸ் கலை வல்லுநர்கள். எனினும் அது சொல்லும் நாகரிகத்தை மறுப்பவர் யார்? கந்தூரி முடிந்து திரும்பும் நம் பிள்ளை, வாங்கிய பொம்மையோடு முதலில் ஓடுவது அடுத்த வீட்டுத் திண்ணைக்குத்தான். கூடவே இரண்டு துண்டு தம்ரூட்டையும் கொடுத்தனுப்புங்கள்.

இரண்டாவது, விற்றவனின் முகம். ஜவுளிக்கடையில் சொன்ன விலைக்கு வாய் திறவாமல் எடுத்துக் கொடுக்கும் நாம், பலூன்காரனிடம் ஒரு ரூபாய்க்காக வாதாடுகிறோம். அவன் ஊர் ஊராகத் திரிந்து, இரவில் தன் சரக்கையே தலையணையாக வைத்துத் தெருவோரம் படுப்பவன். விற்கும்போதும் வாங்கும்போதும் கடனைக் கேட்கும்போதும் பெருந்தன்மையாக நடப்பவனுக்கு அல்லாஹ் அருள் புரியட்டும் என்று துஆச் செய்தார்கள் பெருமானார் (ஸல்). அந்த துஆவை ஒரு ரூபாய்க்கு விட்டுக்கொடுப்பது நல்ல வியாபாரமா?

மூன்றாவது, வீட்டில் தங்கிவிட்டவர்கள். ஆண்களும் பிள்ளைகளும் கடைத்தெருவில் திரிய, வந்த விருந்தாளிகளுக்கு அடுப்படியில் வேகும் பெண்களுக்குக் கந்தூரி என்பது கூடுதல் பாத்திரம் கழுவுவதுதான். "பெண்களுக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்போர், வீட்டாருக்குத் திரையாகத் தாமே நின்று வேடிக்கை காட்டிய நபியவர்களை நினைத்துப் பார்க்கட்டும். நெரிசலில்லாத நேரமாகப் பார்த்து, ஒழுக்கம் பேணி அழைத்துச் செல்வது ஆண்களின் பொறுப்பு. அது இயலாத நாளில் அவர்களுக்கு விருப்பமானதை வாங்கி வருவதாவது இயலாதா?

ஏழைக்கே கொடுத்துவிட்டால் என்ன?

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. இது நல்ல உள்ளங்களில் எழும் கேள்வி. பசித்தவர் ஊரில் இருக்க, ராட்டினத்துக்கும் பஞ்சு மிட்டாய்க்கும் செலவிடுவதே தவறல்லவா? அந்தக் காசு முழுவதையும் ஸதகாவாகக் கொடுத்துவிடுவதுதானே மேல்?

நோயுற்றிருந்த ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களும் ஏறக்குறைய இதையே எண்ணினார்கள். தம் செல்வத்தில் பெரும்பகுதியைத் தருமம் செய்ய அனுமதி கேட்டார்கள். பெருமானார் (ஸல்) மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்தினார்கள். அதுவே அதிகம் என்றார்கள். அல்லாஹ்வுக்காக நீர் செய்யும் எச்செலவுக்கும் கூலி உண்டு. உம் மனைவியின் வாயில் ஊட்டும் கவளத்துக்கும் உண்டு என்ற கருத்தையும் சேர்த்துச் சொன்னார்கள். வீட்டாரின் மகிழ்ச்சிக்குச் செலவிடுவது தருமத்திலிருந்து திருடியதாகாது. எண்ணம் சரியாக இருந்தால் அதுவும் தருமமே. தம் குடும்பத்துக்கு ஒருபோதும் சிரிப்பைக் கொடாதவர், ஊருக்குக் கொடுத்ததால் மட்டும் கடமை முடித்தவராக மாட்டார். ஸல்மான் (ரலி) அவர்கள் அபூதர்தா (ரலி) அவர்களிடம் சொன்னதும் இதுவே: இறைவனுக்கும் உன்மீது உரிமை உண்டு, உன் உடலுக்கும் குடும்பத்துக்கும் உண்டு, அவரவர் உரிமையை அவரவர்க்குக் கொடு. பெருமானாரும் ஸல்மான் சொன்னது உண்மை என்று ஏற்றார்கள்.

உரிமை என்று வந்துவிட்டால் அதற்கு வரிசையும் வந்துவிடுகிறது. பால்காரருக்குப் பாக்கி, வேலையாளுக்குக் கூலி பாக்கி என்றிருக்க, கந்தூரிக்குப் பத்துப் பேர் படையோடு புறப்படுவது மகிழ்ச்சியன்று. பிறர் காசில் நடத்தும் ஊர்வலம். வசதியுள்ளவன் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்பது நபிமொழி. அதைவிட வருந்தத்தக்கது, அடுத்த வீட்டார் போகிறார்களே என்பதற்காக மனைவியின் நகையை அடகு வைத்துப் போவது. அங்கே உண்பது நாவுக்காகவும் அன்று, பிள்ளைகளுக்காகவும் அன்று, ஊரார் கண்ணுக்காக. இல்லாதவர் இல்லையென்று சொல்லிப் பிள்ளையைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பொட்டலம் கடலையைப் பகிர்ந்துண்டு வந்தால் அதுவும் திருவிழாவே. அந்தத் தகப்பனாரின் கணக்கு நம்மில் பலருடையதைவிட எளிதாக முடியும்.

ஆகவே சகோதரர்களே, சகோதரிகளே! பிள்ளைகளின் கையைப் பிடித்துக் கடைத்தெருவுக்குச் செல்லுங்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி உண்ணச் சொல்லுங்கள். உண்டபின் அல்ஹம்துலில்லாஹ் சொல்லக் கேளுங்கள். எந்த உணவையும் குறை கூறாத நபியின் உம்மத்தினர் நாம். வாங்கியதைப் பழித்து வீசாதீர்கள். பாங்கு கேட்டால் பள்ளியை நோக்கித் திரும்புங்கள்; ராட்டினம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஒரு பங்கை, பார்த்து நிற்கும் கண்ணுக்கும் கொடுங்கள்.

ஆகுமானவற்றை அனுபவித்து, அவற்றுக்குரிய நன்றியையும் செலுத்தி, கேட்கப்படும் நாளில் தயங்காமல் பதில் சொல்வோராக வல்ல அல்லாஹ் நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்கி வைப்பானாக! ஆமீன்.