லியர் துறந்தது எது?

ஷேக்ஸ்பியரின் 'லியர் அரசன்' நாடகம் ஒரு துறவுடன் தொடங்குகிறது. எண்பது வயதைக் கடந்த மன்னன், ஆட்சிச் சுமையை இளையவர்களின் தோளில் இறக்கிவிட்டு மரணத்தை நோக்கி இலேசாக நடக்க விரும்புகிறான். முடியை மகனிடம் தந்து கானகம் ஏகும் மன்னர்களைப் புராணங்களில் கண்டவர்களுக்கு இது புதிதன்று. அவர்களுக்கு அமைதி தந்த துறவு லியரைப் பித்தனாக்கி, கொட்டும் மழையில் நிறுத்தியது ஏன்?

இந்த நாடகத்தைக் கடுமையாகச் சாடியவர்களுள் முதன்மையானவர் டால்ஸ்டாய். 1906-இல் வெளிவந்த கட்டுரையில், லியரின் செயல்களுக்குத் தகுந்த காரணமே இல்லை என்றார். ஷேக்ஸ்பியருக்கு முன்பே வழங்கிய பழைய லியர் நாடகம் அவருக்கு மேலானதாகப்பட்டது. அதில், மனைவியை இழந்த மன்னன் ஆன்ம நலனை நாடி அரசைத் துறக்கிறான். முடிவில் அரியணையையும் திரும்பப் பெறுகிறான்.

ஜார்ஜ் ஆர்வெல் 1947-இல் இதற்கு மறுமொழி எழுதினார். டால்ஸ்டாயின் வெறுப்புக்கு அவருடைய வாழ்க்கையே காரணமாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. டால்ஸ்டாயும் சொத்தைக் குடும்பத்தாருக்குப் பகிர்ந்தளித்தவர். 1910-இல், தமது 82-ஆம் வயதில், வீட்டைவிட்டு வெளியேறி அஸ்தாபோவோ ரயில் நிலையத்தில் உயிர்நீத்தார். இளைய மகள் அலெக்ஸாண்ட்ரா உடனிருந்தார். லியரின் கதையில் டால்ஸ்டாய் தம்மையே கண்டிருக்கக்கூடும் என்ற ஊகத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆர்வெல் சுட்டும் உண்மை வேறொன்றும் உண்டு. லியர் நாட்டைக் கொடுத்தான். அரசன் என்ற பெயரையும் நூறு வீரர்களையும் தனக்கென வைத்துக்கொண்டான். கொடுத்ததும்கூடக் கொடையாக இல்லை. யார் தன்னை அதிகம் நேசிப்பதாகச் சொல்கிறாரோ அவருக்குப் பெரிய பங்கு என்று அன்பை ஏலத்தில் விட்டான். ஏலத்தில் பங்கேற்க மறுத்த கார்டீலியாவுக்கு ஒன்றுமில்லை. கர்மத்தை விடுவது ஒன்று, கர்மபலனை விடுவது ஒன்று என்று கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் காட்டும் வேறுபாடு இங்கே கண்முன் நிற்கிறது. லியர் ராஜ்யபாரத்தை விட்டான். அதன் பலனாகிய மரியாதையை விடவில்லை.

முதுமையில் பெற்ற பிள்ளைகளிடம் உணவும் ஆதரவும் எதிர்பார்ப்பது குற்றமாகாது. பராமரிப்பதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கியபின் கைவிடுவோரிடமிருந்து அதை மீட்க 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் வழிசெய்திருக்கிறது, அது நியாயமே. லியர் கேட்டது வேறு. மூத்த மகள் கானரில் நூறு வீரர்களை ஐம்பதாக்குகிறாள். ரீகன் இருபத்தைந்து போதும் என்கிறாள். உடனே லியர் கானரிலிடம் திரும்பி, ஐம்பது இருபத்தைந்தைப்போல் இருமடங்கு, ஆகவே உன் அன்பும் இருமடங்கு என்று கணக்கிடுகிறான்! இவ்வளவு அவமானத்துக்குப் பின்னும் தராசு கையைவிட்டு நீங்கவில்லை. மகள்களின் கொடுமையைவிட இந்த இடமே படிப்பவரை அதிகம் நடுங்கச் செய்யும்.

தராசு நழுவுவது புயலில்தான். குடிசை வாசலில் நிற்கும் லியர் விதூஷகனை முதலில் உள்ளே போகச் சொல்கிறான். கூரையற்ற ஏழைகள் இத்தகைய இரவுகளை எப்படிக் கழிப்பார்கள் என எண்ணுகிறான். அரசனாக இருந்தபோது அதைக் கவனிக்கத் தவறியதை ஒப்புக்கொள்கிறான். ஆர்வெலின் விளக்கம் இந்த மாற்றத்துக்கு உரிய இடத்தைத் தரவில்லை. ஏ.சி. பிராட்லி 1904-இல் இதை லியரின் மீட்சி என்றே பெயரிடலாம் என்றார், அது பொருத்தமானதே.

ஆனால் கார்டீலியா தூக்கிலிடப்படுகிறாள். கிழவனின் கையில் அவளது உடல். அவள் உயிரோடிருப்பதாக நம்பிய மகிழ்ச்சியில் லியர் இறந்தான் என்பது பிராட்லியின் வாசிப்பு. 1960-களில் போலந்து விமர்சகர் யான் காட் போன்றோர் அங்கே வெறுமையை மட்டுமே கண்டனர். எஞ்சியிருந்த கடைசிப் பற்று அறுந்தது என்று வேதாந்தப் பாடம் சொல்லிக் கடந்துபோவதும் எளிதே. மகளின் உடலைச் சுமக்கும் தகப்பன்முன் அப்படிச் சொல்லக் கூசவேண்டும். நாடகம் காட்டுவது ஒரு சிறு செயலையே. மூச்சுத் திணறும் லியர், தன் ஆடையின் பொத்தானைக் கழற்றிவிடும்படி அருகிலிருப்பவரிடம் வேண்டுகிறான். அவர் கழற்றிவிட்டதும், ஐயா என்று மரியாதையோடு விளித்து நன்றி சொல்கிறான்.