கேட்டு உண்பதே அறம்

2022 மே மாதம் கேரளத்தின் செறுவத்தூரில் ஷவர்மா உண்ட பள்ளி மாணவி ஒருத்தி இறந்தாள். மறு ஆண்டு செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமிக்கும் அதே கதி நேர்ந்தது. 2025 ஏப்ரல் 8 முதல், ஷவர்மாவோடு தரும் பச்சை முட்டை மயோனைசுக்குத் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்தது. அரசு தன் கடமையைச் செய்தது. உண்பவரின் கடமை என்ன என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வந்து பார்த்தால் அந்தக் கேள்வியின் கனம் விளங்கும். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு கடைவீதிக்கு வருகிறவருக்குப் பசி வயிற்றைக் கிள்ளுகிறது. ஒரு பக்கம் ரம்புட்டான், மங்குஸ்தான், முள் சூழ்ந்த துரியன். இன்னொரு பக்கம் பெயரே புதிதான பலகாரங்கள். ஊரில் கிடைக்காததைத் தின்று பார்க்கும் ஆசை பயணத்தோடு கூடவே வருவது. அதற்கு எல்லை எது? அயல்நாட்டு உணவு என்பதற்காக எதையும் விலக்க வேண்டியதில்லை. என்னவென்று கேட்டறியாமல் உண்பதே தவறு. கேள்வி எங்கே நிற்கிறதோ அங்கே கையும் நிற்க வேண்டும்.

அயல் உணவுக்குத் தமிழர் என்றுமே கதவடைத்ததில்லை. காவிரிப்பூம்பட்டினத்துக் கரையில் ஈழத்திலிருந்து வந்த உணவுப்பொருள் இறங்கியதைப் பட்டினப்பாலை பெருமையோடு சொல்கிறது. இன்று எந்தக் குழம்பிலும் இருக்கும் மிளகாய், போர்த்துக்கீசியரின் கப்பல்களில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ரம்புட்டானின் பெயர் மயிரைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்தும், துரியனின் பெயர் முள்ளைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்தும் பிறந்தவை. மலாய் நாட்டுக் கனிகள் குற்றால மலைச்சரிவில் வேர்விட்டு இந்த ஊர்க் கனிகளாகவே ஆகிவிட்டன. ஆகவே, புதிது என்பதற்காக அஞ்சத் தேவையில்லை.

அஞ்ச வேண்டியது தீங்குக்கு. ஷவர்மாக் கம்பியில் அடுக்கிய இறைச்சி வெளிப்புறம் சிவந்தாலும் உள்ளே வேகாமல் இருக்கலாம். கூட்டம் நெருக்கும்போது வேகுமுன்பே சீவிப்போட்டால் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் பிழைத்துக்கொள்ளும். பச்சை முட்டை மயோனைசும் வெளியில் வைக்க வைக்க நஞ்சாகும். நிரந்தர வாடிக்கையாளர் உள்ள கடைக்கு நாளைய பேச்சுக்கு அஞ்சும் அச்சம் உண்டு. அருவிக்கு வந்தவரோ மறுநாள் ஊர் திரும்பிவிடுவார். விற்பவர் அவருக்கு அஞ்ச வேண்டியதில்லை. அதனால்தான் பயணி உள்ளூர்க்காரரைவிட இருமடங்கு கேட்க வேண்டும். உடலுக்கு மாறுபடாததை, முன் உண்டது செரித்தபின், அளவறிந்து உண்ணச் சொல்கிறது வள்ளுவரின் மருந்து அதிகாரம். அளவுக்கு மிஞ்சி உண்ண விரும்பாதே என்கிறாள் ஆத்திசூடியில் ஔவை. உடம்பு அழிந்தால் உயிரும் அழியும் என்று எச்சரிக்கிறார் திருமூலர். இம்மூவரையும் மீறித் தன் உடலைச் சோதனைக்கூடமாக்க ஒருவர் துணியலாம். தன் பிள்ளையின் உடலை அப்படியாக்க எந்தப் பெற்றோருக்கும் உரிமையில்லை. ஜப்பானில் நஞ்சுள்ள ஃபுகு மீனை உரிமம் பெற்றவர்தாம் அறுத்துச் சமைக்கலாம். அங்கே துணிச்சலுக்குக் காவலாக அறிவு நிற்கிறது.

தீங்கு உண்பவரின் வயிற்றோடு முடிவதுமில்லை. தின்பவர் இல்லையேல் விலைக்கு விற்பவரும் இல்லை என்று புலால் மறுத்தலில் வள்ளுவர் வாங்குபவர்மீதும் பொறுப்பைச் சுமத்துகிறார். துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு சுறாவை உயிரோடு கடலில் எறியும் கொடுமைக்கு, அந்தத் துடுப்பில் செய்த சூப்பை ஒருமுறை மட்டும் ருசி பார்த்தவரும் பங்காளி.

பொய்யும் ஒரு தீங்கே. துரியன் உண்டால் குழந்தைப்பேறு வாய்க்கும் என்ற நம்பிக்கையால் குற்றாலத்தில் அதன் விலை ஏறிக்கிடக்கிறது. மருத்துவம் இதை மெய்ப்பிக்கவில்லை. ஆறுதலுக்கு ஒரு பொய் ஆகாதா என்பர் சிலர். குற்றமற்ற நன்மை தருமானால் மட்டுமே பொய் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது வள்ளுவர் விதித்த நிபந்தனை. ஏங்கும் தம்பதியரின் மடியிலுள்ள பணத்தைக் கரைக்கும் பொய்யில் குற்றமற்ற நன்மை ஏது? பழத்தைப் பழமாக விற்கட்டும், பழமாக வாங்கட்டும்.

விருந்து அளிப்பவர் மனம் நோகக் கூடாது என்பதும் அறமே. நண்பர் ஊற்றுவது நஞ்சென்று கண்டும் பருகி அமைவர் பண்பாளர் என்ற குறள் கண்ணோட்டம் அதிகாரத்தில் உண்டு. ஆனால் அன்பால் இடும் வீட்டுக்காரரும் விலைக்கு இடும் கடைக்காரரும் ஒன்றல்லர். அன்பால் இட்டதையும் பணிவோடு மறுக்க வழியுண்டு. அந்த வழியை மணிமேகலை காட்டுகிறது. கப்பல் உடைந்து நாகர் வாழும் இடத்தில் கரையேறிய சாதுவன் என்பவனுக்கு அவர்கள் தலைவன் கள்ளும் ஊனும் கொடுக்கச் சொன்னான். சாதுவன் மறுத்தான். முகஞ்சுளித்து மறுக்கவில்லை, அவர்கள் மொழியிலேயே காரணம் சொன்னான். தன் நெறியை அப்படியே அவர்கள்மேல் சுமத்தாமல், மூத்துத் தானே இறந்த விலங்கைத் தவிர வேறு உயிரைக் கொல்லாதீர் என்று அவர்களால் இயன்றதையே கேட்டான். மறுப்பைக் கேட்டு முதலில் சினந்த தலைவனும் காரணம் கேட்டபின் பகை கொள்ளவில்லை.

இது என்ன, எப்போது சமைத்தது, எவ்வுயிரை வருத்தி வந்தது: இந்த மூன்றையும் கேட்க அரை நிமிடம் போதும். விடை கிடைத்தால் எந்த நாட்டுப் பண்டமானாலும் மகிழ்ந்து உண்ணுங்கள். விடை தராத கடையில் பிள்ளை அழுதாலும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு நடங்கள். அழுகை அடுத்த அருவியில் கரைந்துவிடும்.