சுமை யாருடையது?

2009 மே 14ஆம் திகதி ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் பிளாங்க் என்னும் தொலைநோக்கியை விண்ணுக்கு ஏவியது. அதன் ஆடிகள் கண்ணாடியால் ஆனவை அல்ல. கரி இழைகளைப் பிசினோடு இறுக்கித் தகடுகளாக்கி, அவற்றினிடையே தேன்கூடு போன்ற வெற்றறைகள் வைத்து, மேலே அலுமினியம் பூசி அமைக்கப்பட்டவை. 1.9 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் கொண்ட பெரிய ஆடி அதனாலேயே இலேசாக இருந்தது. கரி இழை குளிரில் மிகச் சிறிதே சுருங்குவதால், சுழியத்துக்குக் கீழ் 230 பாகைக் குளிரிலும் அது தன் வடிவத்தைக் காத்தது. பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு என்று கணிக்க அது துணைநின்றது. மனித அறிவின் மகத்தான வெற்றி இது, ஐயமில்லை.

ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. ஆடியின் எடையைக் குறைக்க இத்தனை அறிவு திரண்டது ஏன்? ராக்கெட் சுமக்கும் ஒவ்வொரு கிராமுக்கும் ஏவுகிறவனே விலை கொடுக்கவேண்டும் என்பதனால்தான்.

எங்கள் பசறைத் தோட்டங்களிலும் எடை பார்க்கிறார்கள். கொழுந்து நிறைந்த சுமையின் கயிற்றைத் தலையில் மாட்டி, முதுகு வளைந்து, சரிவில் இறங்கி வருகிறாள் ஒரு தாய். தராசு அவள் பறித்ததை நிறுக்கிறது. அவள் சுமந்ததை நிறுப்பதில்லை. இலங்கையில் தேயிலை வேரூன்றி ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. பிரம்புக்கூடையின் இடத்தில் பல மலைகளில் சாக்கு வந்தது. அதைத் தவிர அந்த முதுகுக்கு விஞ்ஞானம் தந்தது என்ன? அந்தச் சுமைக்கு விலை கொடுப்பவர் முதலாளி அல்லர். அவளுடைய முள்ளந்தண்டே கொடுக்கிறது. ஆகவே அதைக் குறைக்கும் அவசரம் எவருக்கும் இல்லை.

விண்ணாராய்ச்சியை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அறியாமைக்கு வக்காலத்து வாங்குவதாகும். அதே அறிவு மண்ணுக்கும் இறங்கும் என்பதற்குச் சான்று உண்டு. ஏவுகணைக்கென உருவான இலேசான கூட்டுப்பொருளைக் கொண்டு, ஹைதராபாத் நிசாம் மருத்துவ நிறுவனத்துச் சிறுவர்களுக்கு நடைக்கருவி செய்வித்தார் அப்துல் கலாம். மூன்று கிலோவுக்கு மேற்பட்ட உலோகச் சுமை சுமார் 300 கிராமாகக் குறைந்தது. அந்தப் பிள்ளைகளிடமிருந்து இலாபம் எதுவும் வரவிருக்கவில்லை. துன்பத்தைக் கண்ட ஒருவர் இருந்தார், அவ்வளவே.

ஆனால் ஒருவரின் இரக்கத்தை நம்பி ஒரு சமுதாயம் காத்திருக்க முடியாது. முதுகு படும் நோவை உற்பத்திச் செலவாகக் கணக்கிடும் சட்டமும், அதைக் கேட்டு நிற்கும் தொழிலாளர் ஒற்றுமையும் வேண்டும். அன்று பொறியியலாளர்கள் தாமாகவே மலையேறி வருவார்கள். மாணவர்களுக்குக் கரி இழையின் பண்புகளைப் போதிக்கும் நாம், இந்தக் கணக்கையும் சேர்த்துப் போதிப்போம்.