பங்குனியை யார் நினைவில் வைப்பது?

நான் கூடங்குளத்திலிருந்து பேச வந்திருக்கிறேன். பங்குனி முடியப்போகிறது. எங்கள் ராதாபுரம் வட்டாரத்தில் தண்ணீர்க் குழாயடியிலோ பஸ்ஸிலோ பெண்கள் சந்தித்துக்கொண்டால், "பங்குனி எப்படிப் போச்சு?" என்று கேட்கிற நேரம் இது. பரீட்சை எழுதுகிற பிள்ளை இருக்கிற வீடென்றால் அந்தக் கேள்விக்குப் பதில் நீளும்.

வருஷத்தில் வேறெந்த மாதத்துக்கும் இப்படியொரு நெரிசல் கிடையாது. பொதுத்தேர்வுகள் இந்த மாதத்தில்தான் நடக்கின்றன. பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போயாக வேண்டும். பனை விளைகளில் பதநீர் இறங்கத் தொடங்கும். கடற்கரை ஊர்களில் தவக்காலம் நடக்கும், அடுத்து ஈஸ்டர் வரும். நான் வீட்டிலிருந்தே துணி தைக்கிறவள். ஈஸ்டர் சமயத்தில் இடிந்தகரையிலிருந்தும் என்னிடம் தைக்கக் கொடுப்பார்கள். வீட்டுக்காரருக்குக் காற்றாலையில் பராமரிப்பு வேலை. வைகாசியில் காற்று எழும்பினால் புரட்டாசி வரை அந்த இறக்கைகளுக்கு ஓய்வில்லை. பழுது பார்ப்பதை எல்லாம் அதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்பதால் பங்குனியில் அவர் வீடு திரும்ப இருட்டிவிடும்.

வேலை கூடிப்போனதைச் சொல்லிக் குறைப்பட நான் வரவில்லை. வேலை என்றால் என் அம்மா பார்த்ததுதான் வேலை. பங்குனி தொடங்கி ஆனி, ஆடி வரை விடிலிக் குடிசையில் பதநீர் காய்ச்சினவள் அவள். அப்பா விடியுமுன் பனையேறி இறக்கிக்கொண்டு வருகிற பதநீரை அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தாலும் அது வெகுநேரம் பொறுக்காது. தாச்சியில் ஊற்றி, ஓலையும் மட்டையும் போட்டு எரித்து, கிண்டிக் கிண்டி, பதம் பார்த்துச் சிரட்டைகளில் ஊற்றுவாள். அந்தப் புகைக்குள் நின்றுகொண்டேதான் சீட்டுப் பணம் கட்டுகிற தேதி, தம்பிக்குத் தடுப்பூசி போடுகிற நாள், சித்தி மகளின் சடங்குக்கு என்ன செய்வது, அரிசி எத்தனை நாளைக்கு வரும் என்பதையெல்லாம் நெஞ்சுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள். கருப்பட்டிக்குக் கடையில் விலை இருந்தது. மற்றதெல்லாம் வேலை என்று அவளுக்கே தோன்றியதில்லை.

இன்றைக்கு அந்த மற்றதைப் பற்றித்தான் பேச நினைக்கிறேன்.

மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறது. 2019இல் எடுத்தார்கள், மறுபடியும் 2024இல் எடுத்தார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிறவர்களில், 2019இல் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிஷமும் ஆண்கள் 97 நிமிஷமும் செலவிட்டார்கள். 2024இல் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்து வருஷத்தில் எங்களுக்குப் பத்து நிமிஷம் குறைந்தபோது அவர்களுக்கும் ஒன்பது நிமிஷம் குறைந்திருக்கிறது. எங்களிடமிருந்து இறங்கியது அவர்கள் தோளுக்குப் போகவில்லை என்பது இதிலேயே தெரிகிறது.

அந்தக் கணக்கை எடுக்கிற முறையைப் பாருங்கள். அதிகாலை நான்கு மணியிலிருந்து மறுநாள் நான்கு மணி வரை, அரைமணி அரைமணியாக நாளைப் பிரிக்கிறார்கள். ஓர் அரைமணிக்குள் பல வேலை நடந்திருந்தால், பத்து நிமிஷமாவது செய்ததைத்தான் குறித்துக்கொள்கிறார்கள். கணக்கெடுக்க அப்படி ஒரு வரம்பு வேண்டும்தான், அதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால், மகளுக்கு நாளைக்கு வேதியியல் தேர்வு, ஹால் டிக்கெட் எந்தப் பையில் இருக்கிறது என்று ஒரு தாய்க்கு நினைவு வர பத்து நிமிஷம் ஆவதில்லை. மாவு ஆட்டும்போது வரும், தையல் மிஷினை மிதிக்கும்போது வரும், தூக்கத்திலும் வரும். எந்த அரைமணிக் கட்டத்திலும் அது விழாது.

2023 செப்டம்பர் 15ஆம் தேதி தமிழ்நாட்டில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை தொடங்கியபோது, வீட்டுக்குள் பெண் செய்கிற உழைப்புக்கு அரசு மதிப்புக் கொடுத்ததே என்று எங்கள் தெருவில் சந்தோஷப்பட்டோம். எனக்கு இன்றைக்கும் அந்தச் சந்தோஷம் உண்டு. ஆனால் வீட்டுக்குள் மாற வேண்டியதை வீட்டுக்குள் இருப்பவர்கள்தானே மாற்ற வேண்டும்?

எங்கள் சாஸ்தா கோயில் காரியத்தைச் சொன்னால் இந்த நினைவுச் சுமை எப்படிப்பட்டதென்று விளங்கும். திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமைகளில் பங்குனி உத்திரம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். சென்னையில் கடை வைத்திருப்பவர், மும்பையில் வேலை பார்ப்பவர் எல்லாரும் அன்றைக்கு ஏதோ ஒரு குளக்கரையில், ஏதோ ஒரு காட்டோரத்தில் தங்கள் சாஸ்தா முன்னால் வந்து நிற்பார்கள். எங்கள் வீட்டில் இதற்கான விவரம் முழுதும் என் அத்தையிடம், வீட்டுக்காரரின் அம்மாவிடம்தான் இருந்தது. எந்தெந்தச் சொக்காரர் (பங்காளி) வீட்டுக்குச் சொல்லிவிட வேண்டும், தலைக்கட்டுக்கு எவ்வளவு வரி, இந்த வருஷம் யார் வீட்டில் சாவுத் துட்டி விழுந்திருக்கிறது, எந்தப் பீடத்துக்கு எத்தனை இலை, சாஸ்தாவுக்கு வைக்கிற படையலில் எது சேரலாம், வெளியே நிற்கிற காவல் தெய்வத்துக்கு எது சேரலாம் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஒரு தாளில்கூட எழுதிவைத்ததில்லை.

அத்தை பிறந்தது வேறு சாஸ்தாவுக்குப் பாத்தியப்பட்ட குடும்பத்தில். நானும் அப்படித்தான். கல்யாணத்தோடு பெண்ணுக்குச் சாஸ்தா மாறிவிடுகிறது. ஆனால் அந்தக் குடும்பத்தின் குலதெய்வ வழக்கத்தை மனசில் வைத்து அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்க்கிறவள் வெளியிலிருந்து வந்த மருமகளாக இருக்கிறாள். குடும்பத்துக்கு வாரிசு ஆண்பிள்ளை என்கிறார்கள், குடும்பத்தின் நினைவுக்கு வாரிசு மருமகள்தான். இது எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. ஏதோ ஒரு தலைமுறையில் சொல்வாரில்லாமல் போனதால், தங்கள் சாஸ்தா எதுவென்றே தெரியாதவர்கள் நம் ஜில்லாவில் எத்தனையோ பேர். அவர்கள் பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனாரிடம் போய்க் கும்பிட்டு வருகிறார்கள்.

ஒரே மண்டைக்குள் ஒரு குடும்பத்தை வைப்பது அத்தனை ஆபத்து.

இந்த இடத்தில் பக்கத்து ஊர்த் தாய்மாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊர் அணு உலை பற்றி ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு கருத்து வேறாக இருக்கும்; இந்தக் காலை நேரத்தில் அதற்குள் போக நான் வரவில்லை. ஆனால் 2011, 2012இல் இடிந்தகரை லூர்து மாதா கோயில் பந்தலில் அந்த உலையை எதிர்த்துத் தொடர் உண்ணாவிரதம் நடந்தபோது, அங்கே உட்கார்ந்திருந்த பெண்களின் மடியில் பீடித்தட்டு இருந்தது. பந்தலிலும் கை ஓடிக்கொண்டிருந்தது, ஏனென்றால் வீட்டில் உலை வைக்க வேண்டும். 2012 மார்ச் 19ஆம் தேதி ராதாபுரம் வட்டத்தில் தடையுத்தரவு வந்தது. அது பங்குனி, பிளஸ் டூ தேர்வு நடந்துகொண்டிருந்த நேரம். ஊரைச் சுற்றிப் போலீஸ் நிற்க, பிள்ளை எந்த வழியாய்ப் பரீட்சைக்குப் போகும், என்ன சாப்பிட்டுப் போகும் என்ற நினைப்பையும் அந்தத் தாய்மார் சேர்த்தே சுமந்திருப்பார்கள். அந்த மாதத்தைப் பற்றி எழுதப்பட்டதில் போராட்டம் உண்டு, அரசியல் உண்டு. அந்த நினைப்பை யாராவது எழுதினார்களா?

எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகள் வேலை செய்யாதவர்கள் இல்லை. சொன்னால் செய்வார்கள். "எம்மா, சொல்லியிருந்தா செஞ்சிருப்பேம்லா?" என்பான் மகன். அவன் மனசாரச் சொல்வதுதான். ஆனால் எதை, எப்போது, யாரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பதுதானே பெரிய பாரம்? சொல்லிச் செய்வித்தால் கைவேலை குறையும், அந்தப் பாரம் குறையாது.

அதனால் இந்த வருஷம் தை மாதத்திலேயே மகனிடம், "சாஸ்தா கோயில் இந்தத் தடவை உன் பொறுப்புய்யா. எங்கிட்ட எதுவும் கேக்காத, ஆச்சிகிட்டக் கேட்டு எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டேன். அவன் நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கிறான். சனி ஞாயிறு வந்தால் ஆச்சி பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்தான். பீடங்களின் வரிசையை மட்டுமா அத்தை சொன்னார்கள்? எந்தப் பங்குனியில் மழை அடித்து அடுப்பு அணைந்தது, எந்தச் சொக்காரர் எதற்காகப் பேச்சை நிறுத்தினார், யார் போய்ச் சேர்த்துவைத்தது என்று அத்தனையும் வெளியே வந்தது. அவன் அப்பாவுக்கே தெரியாத சங்கதிகள் அவை. வேன் பிடித்தது, சொக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னது, வரி வாங்கியது, விறகுக்கும் வாழையிலைக்கும் ஏற்பாடு செய்தது எல்லாம் அவனேதான்.

கோயிலில் போய் இறங்கினால் தேங்காய் உடைக்க அரிவாளில்லை. பக்கத்தில் பொங்கலிட்டவர்களிடம் அவனே போய்க் கேட்டு வாங்கி வந்தான். நான் வாய் திறக்கவில்லை. அன்றைக்கு ராத்திரியே நோட்டில் முதல் வரியாக அரிவாள் ஏறிவிட்டது.

மகளின் பிளஸ் டூ தேர்வு அவள் அப்பாவிடம் போனது. தேதிகளை அவரே எழுதிச் சுவரில் ஒட்டினார். ஹால் டிக்கெட், பேனா, பஸ் நேரம் எல்லாம் அவர் பார்த்துக்கொண்டார். கணக்குத் தேர்வுக்கு முந்தின ராத்திரி பிள்ளை தூங்காமல் கிடந்தது எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் இருவரும் முற்றத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த சத்தத்தில்தான் நான் விழித்தேன். தேதியை நினைவில் வைத்தவருக்குப் பிள்ளையின் பயமும் தெரிந்தது. இத்தனை வருஷம் அவருக்குக் கிடைக்காமல் போனது இதுதான் என்று எனக்குப் பட்டது.

அடுத்த வாரம் சித்திரை விசு. கனி காண வேண்டிய கண்ணாடி, பழம், பூ, புதுத்துணி என்று எதையெதை எடுத்துவைப்பது என்பதை மகனும் அப்பாவும் பேசி முடிவு செய்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். விசுவன்று காலையில் என்னை எழுப்பிக் கண்ணைப் பொத்திக் கூட்டிப்போவது மகளின் வேலையாம்.