கோடை விடுமுறையும் வாலிபப் பிள்ளைகளும்

  

ஆண்டுப் பரீட்சை முடிந்து விட்டது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் வரை பிள்ளைகளுக்கு ஓய்வுதான். இரவிலே வெகுநேரம் விழிப்பு. காலை பத்து மணி வரை உறக்கம். இடையிலே ஃபஜ்ருத் தொழுகை போய் விடுகிறது. ஓய்வும் ஆரோக்கியமும் மனிதரில் பெரும்பாலோர் நஷ்டமடைந்து விடும் இரு நிஃமத்துகள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அவ்விரண்டும் ஒருசேரக் கையில் இருப்பது விடுமுறையில் இருக்கும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளையிடம்தான்.

அந்த வயதில் மனதிலே இன்னொன்றும் முளைக்கிறது. வகுப்பிலே கூடப் படித்த பெண்பிள்ளையின் பெயரை யாராவது சொன்னால் பையனுக்குக் காது சூடாகிறது. செல்போனிலே ஒரு வரி எழுதுகிறான், அழிக்கிறான், மறுபடியும் எழுதுகிறான். கடைத்தெருவிலே எதிர்ப்பட்டு விட்டால் இருவருக்கும் வாய் வருவதில்லை. மார்க் எவ்வளவு என்று கேட்டு விட்டு ஆளுக்கொரு பக்கம் நடையைக் கட்டுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்குவதில்லை. இதை யாரிடம் சொல்வது? உம்மாவிடம் சொன்னால் அழுவார்கள். வாப்பாவிடம் சொன்னால் அடி விழும். சிநேகிதர்களிடம் சொன்னால் கேலி செய்வார்கள். ஆகவே யாரிடமும் சொல்வதில்லை. சொல்லாமல் மறைத்தது நாளடைவில் வளர்ந்து விடுகிறது.

இந்தப் பிள்ளையை நம்முடைய மார்க்கம் எப்படிப் பார்க்கிறது? உள்ளத்திலே தோன்றி மறைவதற்காக அல்லாஹு தஆலா இந்த உம்மத்தைப் பிடிப்பதில்லை. அதைப் பேச்சாகவோ செயலாகவோ ஆக்கும் போதுதான் பிடிக்கிறான் என்பது ஸஹீஹான ஹதீஸ். ஆகவே காது சூடானது பாவமல்ல. வார்த்தை வராமல் நின்ற அந்தக் கூச்சமும் பாவமல்ல. அது ஹயா. அது ஈமானின் ஒரு கிளை. ஒருவர் தம் சகோதரரின் கூச்ச சுபாவத்தைக் கண்டித்துக் கொண்டிருந்த போது, அவரை விட்டு விடும்படி சொல்லி, ஹயா ஈமானைச் சேர்ந்தது என்று ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரியிலே வருகிறது. பிள்ளையின் ஹயா அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதை நாம் எப்படிப் பாதுகாக்கிறோம் என்பதே இங்கு கேள்வி.

நம் வீடுகளிலே இந்த அமானிதத்தை இரு விதமாகப் பாழாக்குகிறோம். சில வீடுகளில், "வயசுக் கோளாறு, தானாகப் போய் விடும்" என்று சிரிக்கிறார்கள்; கல்யாண வீட்டிலே எல்லார் முன்னிலையிலும் அந்தப் பேரைச் சொல்லிக் கிண்டல் செய்கிறார்கள். கேலி பழகப் பழகக் கூச்சம் போய் விடும். கூச்சம் போன பின் தடுப்பதற்கு என்ன இருக்கிறது? வேறு சில வீடுகளில் அடியும் ஏச்சும்தான். பிள்ளை அதிலே திருந்துவதில்லை. ஒளிக்கத்தான் கற்றுக் கொள்கிறது.

ஒரு தகப்பனார் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், மகளைப் பத்தாவதோடு நிறுத்தப் போகிறேன்" என்றார். என்ன நடந்தது என்று கேட்டோம். கூடப் படித்த பையன் ஒருவன் அவள் போனுக்குப் பெருநாள் வாழ்த்து அனுப்பி, அவளைப் பிடித்திருப்பதாகவும் எழுதி விட்டானாம். பிள்ளை பதில் எழுதினாளா? இல்லை. உங்களுக்கு எப்படித் தெரிந்தது? "அவளேதான் உம்மாவிடம் கொண்டு வந்து காட்டினாள்" என்றார். நாம் சொன்னோம்: "உண்மையைச் சொன்ன பிள்ளைக்கு நீங்கள் தண்டனை கொடுக்கப் போகிறீர்கள். அடுத்த முறை அவள் காட்ட மாட்டாள். இதே போல் உங்கள் மகன் ஒரு பெண்பிள்ளைக்கு எழுதியிருந்தால் அவனுடைய படிப்பை நிறுத்துவீர்களா?" அவர் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அல்ஹம்துலில்லாஹ், அந்த ஜூன் மாதம் அவள் பதினோராம் வகுப்பில் சேர்ந்தாள்.

நாம் அந்தக் கேள்வியைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஸூரத்துந் நூரிலே பார்வையைத் தாழ்த்தும்படி வந்த கட்டளை முதலில் முஃமினான ஆண்களுக்குத்தான். அடுத்த ஆயத்தே பெண்களுக்கு. மகனுடைய கண்ணை விட்டு விட்டு மகளுடைய கல்வியைப் பிடுங்குவது எந்த நீதி?

நாயகம் (ஸல்) அவர்களின் வழியைப் பாருங்கள். ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டு, ஹஜ்ஜத்துல் விதா. வாலிபரான ஃபழ்லு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் நாயகத்தின் பின்னே ஒட்டகத்தில் அமர்ந்திருந்தார்கள். கஸ்அம் கோத்திரத்துப் பெண் ஒருவர் மஸ்அலா கேட்க வந்தார். ஃபழ்லு அவரைப் பார்க்க, அவரும் ஃபழ்லைப் பார்த்தார். நாயகம் (ஸல்) அவர்கள் திட்டவில்லை. ஒட்டகத்தை விட்டு இறக்கவில்லை. தம் கையாலேயே ஃபழ்லின் முகத்தை மறுபக்கம் திருப்பி விட்டார்கள். அந்தப் பெண்ணையும் விரட்டவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு விடை சொன்னார்கள். வாலிபனும் இளம்பெண்ணுமாக இருந்ததால் ஷைத்தானை நம்பவில்லை என்று பின்னர் காரணமும் கூறினார்கள். இதைத்தான் நாம் கற்க வேண்டும். முகத்தைத் திருப்பி விட வேண்டும். ஆனால் திருப்பும் கை அன்பான கையாக இருக்க வேண்டும்.

பிள்ளைகளே, இனி உங்களிடம் ஒரு வார்த்தை. மூஸா (அலை) அவர்கள் மத்யனுக்கு வந்த சரித்திரத்தை ஸூரத்துல் கஸஸிலே ஓதுங்கள். கிணற்றடியிலே இரு பெண்கள் ஆடுகளைத் தடுத்துக் கொண்டு ஒதுங்கி நிற்கிறார்கள். என்ன விஷயம் என்று அவர் கேட்கிறார்; தகப்பனார் முதியவர் என்று அவர்கள் சொல்கிறார்கள். ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டி விட்டு அவர் நிழலுக்கு ஒதுங்கி அல்லாஹ்விடம் கையேந்துகிறார். தேவைக்கு மேல் ஒரு பேச்சுமில்லை. பின்பு அவர்களில் ஒருவர் நாணத்தோடு நடந்து வந்து, தகப்பனார் அழைப்பதாகச் சொல்கிறார். அந்த நாணத்தை அல்லாஹ் தன் வேதத்திலேயே பதிந்து வைத்திருக்கிறான்! பிறகு ஒரு மகள், அவர் பலசாலி, நம்பிக்கையானவர், வேலைக்கு வைத்துக் கொள்ளுங்கள் என்று தகப்பனாரிடம் தைரியமாகச் சொல்கிறார். காரியம் பெரியவர் முன்னிலையில் நிக்காஹ்வாக முடிகிறது. மஹராக எட்டு வருட உழைப்பு! நிக்காஹ் என்பது தோள் தாங்கக் கூடியவனுக்கு உரியது. சக்தி பெற்றவர் மணம் முடிக்கட்டும், இல்லாதவர் நோன்பு நோற்கட்டும் என்பதே வாலிபர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் தந்த வழி.

அந்நிய ஆணும் பெண்ணும் தனித்திருந்தால் மூன்றாமவன் ஷைத்தான் என்பதை அறிவீர்கள். நள்ளிரவிலே போர்வைக்குள் வெளிச்சம் போடும் செல்போனும் ஒரு பூட்டிய அறைதான். அனுப்பி விட்ட படம் திரும்பி வராது. நம் நாட்டிலே 18 வயது நிரம்பாதவர் சட்டத்தின் முன் குழந்தையே. இருவருக்கும் சம்மதம் என்று சொன்னாலும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அதை ஏற்காது. ஒரு விடுமுறையின் விளையாட்டு ஓர் ஆயுளின் வழக்காகி விடக் கூடாது.

பெற்றோர்களே, இந்த விடுமுறையில் சில காரியங்களைச் செய்யுங்கள். இஷாவுக்குப் பின் வீட்டிலுள்ள எல்லாப் போன்களும், வாப்பாவின் போன் உட்பட, ஓரிடத்தில் இருக்கட்டும். மகனை ஃபஜ்ருக்குப் பள்ளிவாசலுக்கு அழைத்துச் செல்லுங்கள். திரும்பி வரும் வழியிலே பேச்சுக் கொடுங்கள். மகளோடு உம்மா தினமும் சற்று நேரம் தனியே உட்காரட்டும். ஜமாஅத் நடத்தும் கோடைக்கால தீனிய்யாத் வகுப்பிற்கு இருவரையும் அனுப்புங்கள். மாலிக் இப்னுல் ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் அவர்களையொத்த வாலிபர்களும் நாயகத்திடம் வந்து இருபது இரவுகள் தங்கிப் படித்தார்கள். அவர்களுக்கு வீட்டு ஞாபகம் வந்து விட்டதை நாயகம் (ஸல்) அவர்கள் கேளாமலேயே உணர்ந்து, ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். வாலிபரின் மனதை அறிவதும் ஸுன்னத்துதான்.

பிள்ளை வந்து சொல்லும் வீட்டிலே ஷைத்தானுக்கு வேலை குறைவு. நம் பிள்ளைகளின் நாணத்தையும் நம்முடைய நிதானத்தையும் அல்லாஹு தஆலா காத்தருள்வானாக! ஆமீன்.