தாமிரபரணியும் நாராயண நாமமும்

வைகாசி உற்சவ ஸேவைக்குத் திருக்குருகூர் வந்தடைந்திருக்கும் பாகவதர்களே!

‘நாரம்’ என்ற சொல்லுக்கு ஜலம் என்று ஒரு பொருள். ஜலத்தை இருப்பிடமாக உடையவன் ஆதலின் நாராயணன் என மநு ஸ்ம்ருதியும் விஷ்ணு புராணமும் நிர்வசனம் செய்கின்றன. நாமத்தைச் சொல்கிறோம்; அதற்குள் தண்ணீர் இருப்பதை நினைப்பாரில்லை.

கலியுகத்தில் நாராயண பக்தர்கள் மிகுதியாகத் தோன்றும் த்ராவிட தேசத்தை ஸ்ரீமத் பாகவதம் 11ஆம் ஸ்கந்தம் நதிகளைக் கொண்டே அடையாளம் காட்டுகிறது. அவற்றுள் முதலில் வருவது தாம்ரபர்ணீ. காவேரியும் பின்னரே! கரபாஜன யோகி அங்கே அருளிய வார்த்தையை ஊன்றிக் கவனிக்க வேண்டும். இந்நதிகளில் நீராடுபவர் என்று அவர் சொல்லவில்லை. இவற்றின் ஜலத்தைப் பருகுபவர் பெரும்பாலும் வாசுதேவ பக்தியுடைய நிர்மல சித்தராவர் என்கிறார்.

அப்படியாயின் அந்த ஜலம் பருகத்தக்கதாக இருக்க வேண்டாமோ?

மதுரகவியாழ்வார் இப்பொருநை நீரைக் காய்ச்ச, முதலில் வருங்கால ஆசார்யரான எம்பெருமானாரின் திருமேனியும், மறுபடி காய்ச்ச நம்மாழ்வார் திருமேனியும் வெளிப்பட்டன என்பது இத்தலத்து ஐதிஹ்யம். நமக்கு ஆசார்யனைத் தந்த தீர்த்தம் இது.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் வரை இதன் நீளம் சுமார் 128 கிலோமீட்டரே. ஆயினும் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் இதற்கு நீரளிக்கின்றன. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள் நெல்லையும் வாழையையும் வளர்க்கின்றன. குளங்கள் நிரம்பியதும் நாரைகள் வந்திறங்குகின்றன. திருப்புடைமருதூரில் மரங்களில் கூடுகட்டும் பறவைகளை ஊராரே காத்து வருகின்றனர். திருவாய்மொழியில் ஆழ்வார் எம்பெருமானிடம் தூதுவிட்டது நாரையை அன்றோ? அந்தத் தூதருக்கு ஆகாரம் இவ்வாற்று மீன்களே.

இத்தகைய ஆற்றில், பாபநாசத்தில் பரிஹாரம் என்ற பெயரால் உடுத்திய வஸ்த்ரங்களை விடுகிறார்கள். அவை பாறைகளில் சிக்கிக் குவியலாகின்றன. குளிப்பவர் கால்களையும் சுற்றுகின்றன. பாவம் போயிற்றோ, அறியோம், துணி போகவில்லை. அசுத்தம் பட்ட எதையும் ஜலத்தில் விடலாகாது என்று மநு ஸ்ம்ருதி 4ஆம் அத்தியாயம் விதிக்கிறது. இதற்கு மேல் ப்ரமாணம் தேடுவானேன்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இதே நதி பெருகி ஸ்ரீவைகுண்டத்தைத் தீவாக்கியது. வெள்ளம் வடிந்த பின்னும் இக்கரை மக்கள் குடிநீருக்கு இந்நதியையே நம்பியிருக்கிறார்கள்.

கருடஸேவைக்காக வடகரை எம்பெருமான்கள் இந்த ஆற்றைக் கடந்தே இங்கு எழுந்தருளுகின்றனர். தாங்களும் நீராட இறங்குவீர்கள். சோப்பு, ஷாம்பூ, எண்ணெய்ப் பொட்டலங்களைத் தங்குமிடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டுமென அடியேன் ப்ரார்த்திக்கிறேன். களைந்த வஸ்த்ரத்தைப் பிழிந்து, தங்களுடனேயே எடுத்துச் செல்லுங்கள்.